தலை அரிக்கிறதா? எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் முன்: மதுரை வெயில்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தலை அரிக்கிறது என்று வீட்டில் வாயைத் திறந்தால் மதுரையில் கிடைக்கும் முதல் பதில், “உடம்பு சூடு. எண்ணெய் தேய்ச்சுக் குளி” என்பதுதான். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஹெல்மெட்டுக்குள் வியர்வை ஊறும். புறநகரில் பாதி வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். ஆகவே சூடு என்று சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அரிப்பு பல காரணங்களால் வருகிறது. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்குத் தீனியாகிவிடும். பொடுகுத் தலையில் எண்ணெய் வைத்துத் தூங்கினால் பொடுகு பெருகும். பேன் தலையில் பொடுகு ஷாம்பு போட்டால் பேனுக்கு ஒன்றும் ஆகாது. படை வந்த குழந்தையின் தலையில் ஸ்டீராய்டு களிம்பு தடவினால் படை பரவும். அதனால் எதையாவது தலையில் வைப்பதற்கு முன் தலையைப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வேலையில்தான் நிற்கிறது.

முதல் படி: பகல் வெளிச்சத்தில் தலையைப் பார்ப்பது

எண்ணெய் வைக்காத நாளில், குளித்து ஒரு நாள் கழித்துப் பாருங்கள். அன்றைக்கே குளித்திருந்தால் செதில் தெரியாது. எண்ணெய் இருந்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும். வாசலிலோ மொட்டை மாடியிலோ காலை வெயிலில் உட்கார்ந்து, இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் தலையை நாமே பார்க்க முடியாது என்பதால்தானே பேன் பார்ப்பது எப்போதும் இருவர் வேலையாக இருந்திருக்கிறது. தனியாக இருப்பவர் கைப்பேசியின் ஃபிளாஷைப் போட்டுப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

சீப்பின் நுனியால் வகிடு வகிடாகப் பிரித்து, தோலைப் பாருங்கள், முடியை அல்ல. உச்சி, இரண்டு காதுகளின் பின்புறம், பிடரி, நெற்றியோரம் என்று எதையும் விடக் கூடாது. பிறகு மடியில் வெள்ளைத் துணி விரித்துப் பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். துணியில் விழுந்தது நகர்கிறதா, உதிர்ந்து தூளாகிறதா, பிசுபிசுப்பாக ஒட்டுகிறதா என்று கவனியுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும். பல மாதமாக ஷாம்பு மாற்றி ஷாம்பு வாங்கும் செலவை இந்தப் பத்து நிமிடம் மிச்சப்படுத்தும்.

இரண்டாம் படி: கண்டதை வைத்துக் காரணத்தை அறிவது

மஞ்சள் சாயலில் பிசுபிசுப்பான செதில், அடியில் லேசான சிவப்பு, சில சமயம் புருவத்திலும் மூக்கோரத்திலும் அதே செதில் என்றால் பொடுகு, அல்லது அதன் முற்றிய வடிவமான எண்ணெய்ச் சுரப்புத் தோல் அழற்சி. தோலில் சிவப்பே இல்லாமல் வறண்ட மாவுபோல் கொட்டினால் தோல் வறட்சியாகவோ, சரியாக அலசாத ஷாம்பு, சீயக்காயின் மிச்சமாகவோ இருக்கலாம்.

முடியில் எள்ளின் பாதி அளவுக்கு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்து, விரலால் தள்ளினாலும் நகரவில்லை என்றால் அது ஈர், அதாவது பேன் முட்டை. பொடுகு தள்ளினால் உதிரும். காதின் பின்புறமும் பிடரியும் அதிகமாக அரித்தால் பேன் சந்தேகம் வலுக்கும். முதன்முறை பேன் பற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். ஆகவே வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பேன் இருந்தால், அரிக்காதவர் தலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குழந்தையின் தலையில் வட்டமாக முடி உடைந்து, கறுப்புப் புள்ளிகளும் செதிலும் தெரிந்தால் அது பூஞ்சைப் படை. சில பிள்ளைகளுக்கு அந்த இடம் வீங்கிச் சீழ் கோத்துக்கொள்ளும். இதற்கு ஷாம்பு போதவே போதாது. முடியின் வேருக்குள் பூஞ்சை இருப்பதால், மருத்துவர் சொல்லும் மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டாக வேண்டும்.

வெள்ளிபோல் மின்னும் தடித்த செதில், நெற்றிக் கோட்டைத் தாண்டி வெளியே வந்து, முழங்கை முழங்காலிலும் இருந்தால் சொரியாசிஸ். ஒட்டாது, தொற்றாது, ஆனால் நீண்ட காலம் கூடவே வரும். மருத்துவர் துணை வேண்டும்.

முடிச் சாயம் பூசிய ஓரிரு நாளில் அரிப்பும் நீர்க்கசிவும் வந்தால் காரணம் சாயம்தான். வேருக்கு வேர் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளம் என்றால் முடிவேர் அழற்சி. அடிக்கடி வந்தால் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள்.

கண்ணுக்கு எதுவுமே தெரியாமல் அரிக்கிறதென்றால் வியர்வையும் தண்ணீரும் மனஅழுத்தமும் காரணமாகலாம். முதலில் அடுத்த படியைச் செய்துபாருங்கள்.

மூன்றாம் படி: தண்ணீரையும் அலசலையும் சரிசெய்வது

வைகையிலிருந்து மாநகராட்சிக் குழாயில் வரும் தண்ணீர் ஒரு மாதிரி. ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்புகளில் போர் தண்ணீர் வேறு மாதிரி. வாளியில் வெள்ளைப் படிவு, குழாய் வாயில் கட்டி, பருப்பு வேக நேரமாவது, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாய்ப் போவது எல்லாம் கடினத்தன்மையின் அடையாளங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. சந்தேகமிருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம்.

இப்படிக் கடினமான தண்ணீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போடுவதுதான் பெரிய தொல்லை. நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறி, தலைத்தோலில் படிந்துவிடும். மேலும் சோப்பு காரத்தன்மை கொண்டது. தலைத்தோலோ இலேசான அமிலத்தன்மையில் நலமாக இருப்பது. ஆண்கள் பலர் உடம்புக்குப் போட்ட சோப்பையே தலைக்கும் தேய்த்து முடித்துவிடுகிறார்கள். அதை நிறுத்தினாலே பாதிப் பேருக்கு நமைச்சல் குறைவதைக் காணலாம் என்பது என் எண்ணம்.

ஷாம்பு இந்தப் பிசுக்கை உண்டாக்காது. சீயக்காயும் அரப்பும்கூட அப்படித்தான். அவற்றில் நுரைப்பது சோப்பு அல்ல, சப்போனின். கீழமாசி வீதிப் பக்கத்து நாட்டுமருந்துக் கடைகளில் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கிடைக்கும். உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்ததுதான் அரப்புப் பொடி. ஆனால் இரண்டு எச்சரிக்கை: பொடியை அப்படியே தேய்த்தால் தோல் உரசிப் புண்ணாகும், வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிய சாற்றைப் பயன்படுத்துங்கள். வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்க்கும் வீடுகளில், கஞ்சி தலையில் தங்காதபடி இன்னும் நாலு செம்பு தண்ணீர் கூடுதலாக ஊற்ற வேண்டும்.

கடைசி இரண்டு மூன்று செம்புக்கு மட்டும் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைத்தால் நல்லது. கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம், வெதுவெதுப்பே போதும். சித்திரை, வைகாசியில் தினமும் வியர்க்கிறவர்கள் தினமும் தலைக்குக் குளித்தாலும் தவறில்லை, ஷாம்பு மட்டும் வாரம் இரண்டு மூன்று முறை. நகத்தால் சொறியாமல் விரல் நுனியால் தேய்க்கவும். ஈரத்தோடு கொண்டை போடுவது, ஈரத்தோடு பின்னலிடுவது இரண்டும் தோலை நாள் முழுக்க நனைத்தே வைத்திருக்கும். காயவைத்துப் பின்னுங்கள்.

நான்காம் படி: பொடுகு என்றால்

பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்னும் ஒருவகைப் பூஞ்சை. இது எல்லார் தலையிலும் வாழ்கிறது. தலைத்தோல் சுரக்கும் எண்ணெயைச் சிதைத்து, தனக்கு வேண்டிய கொழுப்பை எடுத்துக்கொண்டு, ஓலிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் விடும். அந்த மிச்சம் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் அவசர அவசரமாகச் செல்களை உதிர்க்கிறது. அதுதான் செதில், அதுதான் அரிப்பு. அழுக்கால் வருவதல்ல, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதும் அல்ல. பொடுகு இருக்கும் பெண்பிள்ளையைச் சுத்தமில்லாதவள் என்று பேசுவது அநியாயம்.

மருந்துக் கடையில் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு கேளுங்கள். மக்கள் மருந்தகங்களில் பிராண்டு பெயரில்லாமல் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரிப்பது நல்லது. பயன்படுத்தும் முறையில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சாதாரண ஷாம்புவாலோ சீயக்காயாலோ தலையிலுள்ள எண்ணெயை எடுத்துவிடுங்கள். பிறகு மருந்து ஷாம்புவை உள்ளங்கையில் எடுத்து, முடியில் அல்ல, வகிடு பிரித்துத் தோலில் படும்படி தேய்க்கவும். உடனே அலசிவிட்டால் பணம் சாக்கடையில் போனது. ஐந்து நிமிடம் தலையிலேயே இருக்கட்டும். அதற்குள் உடம்புக்குச் சோப்புப் போட்டு முடித்துவிடலாம். பிறகு நன்றாக அலசுங்கள். வாரம் இரண்டு முறை, திங்கள் வியாழன் என்று நாள் வைத்துக்கொண்டு நான்கு வாரம் செய்யவும். இடைப்பட்ட நாட்களில் சாதாரண ஷாம்பு.

நான்கு வாரத்தில் தலை தெளிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ தொடர வேண்டும். பூஞ்சை மீண்டும் வளரத்தான் செய்யும், அது நம்மோடு வாழ்வது. “போட்டேன், திரும்ப வந்துருச்சு, மருந்து சரியில்லை” என்று சொல்கிறவர்களில் பலர் இந்தத் தொடர்ச்சியை விட்டவர்கள். கீட்டோகோனசோல் ஒத்துவரவில்லை என்றால் ஜிங்க் பைரிதியோனோ, செலீனியம் சல்பைடோ உள்ள ஷாம்புவுக்கு மாறலாம். செலீனியம் சல்பைடு சாயம் பூசிய முடியின் நிறத்தை மாற்றக்கூடும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளின் தாய்மாரும் எதையும் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

எண்ணெய் வைக்கலாமா, கூடாதா?

மதுரை வீடுகளில் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுத் தலையைப் பற்றிப் பேச முடியாது. சனிக்கிழமை ஆண்களும் வெள்ளி, செவ்வாய் பெண்களும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பது இங்கே உடம்போடு ஊறிய பழக்கம். அதை விடச் சொல்ல நான் வரவில்லை. பொடுகு இருக்கும் காலத்தில் எண்ணெய் தலையில் தங்கக் கூடாது, அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

காரணம் நேரடியானது. மலசீசியாவுக்குக் கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாது. ஆய்வகத்தில் அதை வளர்க்க வேண்டுமென்றால் வளர்ப்பு ஊடகத்தின்மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றுவார்கள். இரவில் தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்துப் படுப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. வைத்தவுடன் இதமாக இருக்கும், செதில் எண்ணெயில் நனைந்து கண்ணுக்கு மறையும். சில நாளில் அரிப்பு இன்னும் கூடி வரும்.

செதில் கட்டியாக அப்பியிருந்தால் மட்டும், குளிப்பதற்கு அரைமணி, ஒருமணி முன் கொஞ்சம் எண்ணெய் தடவி இளக்கி, உடனே மருந்து ஷாம்புவால் முழுக்க எடுத்துவிடுங்கள். பொடுகு இல்லாத வறண்ட தலைக்கு எண்ணெய் நல்லதே. கைக்குழந்தையின் உச்சியில் அப்பியிருக்கும் மஞ்சள் செதிலுக்கும் எண்ணெய் தடவி இளக்கி, மென்மையான ஷாம்புவால் கழுவினால் போதும், நகத்தால் பெயர்க்காதீர்கள்.

பொடுதலைத் தைலம், வெட்பாலைத் தைலம் போன்ற சித்த மருந்துகளை நம்புகிறவர்கள், அரசு மருத்துவமனைகளிலுள்ள சித்தா பிரிவில் காட்டி, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு வாங்கவும். காரணம் தெரியாமல் தைலம் தேய்ப்பதும் எண்ணெய் தேய்ப்பதுதான்.

ஐந்தாம் படி: பேன் என்றால்

பேன் பறக்காது, தாவாது. தலையும் தலையும் முட்டும்போது ஊர்ந்து போகும். பள்ளியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரட்டைச் சடைகள் அதற்குப் பாலம். பெண் பேன் நாளொன்றுக்கு ஆறு முதல் பத்து முட்டை வரை இடும். முட்டை பொரிய ஏழிலிருந்து பத்து நாள். இந்தக் கணக்குத் தெரிந்தால் மருந்தை ஏன் இரண்டு முறை போட வேண்டும் என்பது விளங்கும். முதல் முறை பேனைக் கொல்கிறது. தப்பிய முட்டைகள் பொரிந்ததும், அவை வளர்ந்து முட்டையிடும் முன் இரண்டாம் முறை போட வேண்டும்.

1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் கேட்டு வாங்குங்கள். 5 சதவீதக் களிம்பு சொறி சிரங்குக்கானது, அதைத் தர வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்டிஷனர் போடாமல் தலையைக் கழுவித் துவட்டி, ஈரப்பதமான முடியில் வேர் முதல் நுனிவரை தடவிப் பத்து நிமிடம் விட்டு அலச வேண்டும். அடுத்த ஓரிரு நாள் ஷாம்பு வேண்டாம். ஒன்பதாம் நாள் மறுபடியும் செய்யுங்கள். இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு இது கூடாது.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்குச் சீப்பு வழி இருக்கிறது. நேரம் பிடிக்கும், ஆனால் பலன் தரும். முடியை நனைத்துத் தாராளமாக எண்ணெயோ கண்டிஷனரோ தடவுங்கள். பொடுகுக்கு வேண்டாம் என்று சொன்ன அதே எண்ணெய் இங்கே உதவுகிறது: பேனின் ஓட்டம் குறையும், சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். நெருக்கப் பல் உலோகச் சீப்பால் சிறுசிறு பிரிவாக வாரி, ஒவ்வொரு வாருக்கும் வெள்ளைத் துணியில் துடைக்கவும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, பேன் ஒன்றுகூட அகப்படாமல் இரண்டு வாரம் ஆகும்வரை செய்ய வேண்டும். ஈரை உருவி எடுக்கும் பாட்டி வீட்டு ஈர்வலி இருந்தால் இன்னும் நல்லது.

தலையணை உறை, துண்டு, துப்பட்டாவை வெந்நீரில் துவைத்து மதுரை வெயிலில் காயவிடுங்கள். சீப்புகளை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். தலையைவிட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும், வீடெல்லாம் மருந்து அடிக்கத் தேவையில்லை. பேன் செத்த பிறகும் சில நாள் அரிக்கும். அதற்காக மூன்றாம் நான்காம் முறை மருந்தைக் கொட்டாதீர்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் பார்த்து, பேன் உள்ளவர்கள் அனைவருக்கும் ஒரே நாளில் செய்யவில்லை என்றால் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தலையில் ஒருபோதும் போடக் கூடாதவை

மண்ணெண்ணெய், கரப்பான் பூச்சி மருந்து, எறும்புச் சாக்பீஸ் எதுவும் தலைக்குப் போகக் கூடாது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நஞ்சேறும். மண்ணெண்ணெய் தடவிய தலை அடுப்பருகில் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துப் பிள்ளைகளுக்குத் தேய்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சூடம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும் நஞ்சு. தயவுசெய்து நிறுத்துங்கள்.

சீத்தாப்பழ விதையை அரைத்துப் பேனுக்குப் போடுவார்கள். அது பேனைக் கொல்லலாம். ஆனால் கண்ணில் ஒரு துளி பட்டால் கருவிழி வெந்து புண்ணாகும். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் கால்மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவமனைக்குப் போங்கள். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அண்ணா நகரில் இருக்கும் ஊரில் தாமதிக்கக் காரணமில்லை.

எலுமிச்சையைச் சொறிந்த தலையில் தேய்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் படைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் வாரம் அரிப்பு மாயமாக நிற்கும், பூஞ்சையோ அடியில் பரவும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான்.

சாயம், ஹெல்மெட், மொட்டை

கறுப்புச் சாயத்தில் பெரும்பாலும் பாரா பினைலின் டைஅமின் என்ற பொருள் இருக்கும். மூலிகைச் சாயம் என்று அட்டையில் எழுதியிருந்தாலும் உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள். பூசும் முன் காதின் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ துளி வைத்து 48 மணி நேரம் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். கண்ணிமை வீங்கினால் உடனே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் 108.

அரிப்புக்காக ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டி, அதைத் தினமும் துவைத்து மாற்றுங்கள். ஹெல்மெட்டின் உட்பஞ்சு கழன்றுவரும் வகை என்றால் அதையும் துவைத்து வெயிலில் வையுங்கள். தலையில் சூடிய மல்லிகையை இரவில் எடுத்துவிட்டுப் படுப்பது நல்லது.

அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகையில் முடி காணிக்கை கொடுப்பவர்களும் பாண்டி கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போடுபவர்களும் புது பிளேடா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிளேடு படையையும் சீழ்க் கொப்புளத்தையும் கொண்டுவரும். மொட்டையால் பேன் போகும். பொடுகு போகாது, அது தோலில் இருப்பது.

ஆறாம் படி: எப்போது, எங்கே காட்டுவது

நான்கு வாரம் முறையாக மருந்து ஷாம்பு போட்டும் குறையாத அரிப்பு, வட்டமாக முடி கொட்டுவது, சீழ், காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது, தூக்கம் கெடுவது ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். கோரிப்பாளையத்தை ஒட்டி பனகல் சாலையில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டுக் கட்டணமில்லாமல் காட்டலாம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிக்காரர்கள் தங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் காட்டினால், தேவைப்பட்டால் அவர்களே மதுரைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

போகிற அன்று தலையில் எண்ணெய் வேண்டாம், முந்தின நாளும் வேண்டாம். இதுவரை தடவிய ஷாம்பு, தைலம், களிம்பு எல்லாவற்றின் அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெயர் தெரியாத களிம்பு என்றால் குழாயையே எடுத்துச் செல்லுங்கள். பூஞ்சைச் சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்; வலிக்காது, பிள்ளையிடம் அதை முன்பே சொல்லிக் கூட்டிப் போங்கள்.